ஊசிப்பாறைக்கு வந்த பாம்பு மாப்பிள்ளை

ஊசிப்பாறை எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அந்த ஊர்க்காரர்களைக் கேட்டும் பிரயோஜனம் இல்லை. "இங்கதான்" என்று காலடியைக் காட்டுவார்கள். சந்தைக்கு வந்திருக்கும்போது கேட்டாலும் அப்படித்தான் காட்டுவார்கள்.

நல்ல மனுசர்கள். யாருக்கும் கெடுதல் நினைக்க மாட்டார்கள். யோசனை பண்ணவே அவர்களுக்கு நேரம் பத்தாது, இதில் கெடுதல் வேறு எங்கே நினைப்பது?

அந்த ஊரில் ஒரு வழக்கம். அறுப்பு முடிந்ததும், அடுத்த வெள்ளாமைக்கான விதைநெல்லை ஊருக்கே பொதுவாக ஒரு வீட்டில் வைப்பார்கள். அதைப் பத்திரமாகக் காப்பாற்றிக் கொடுக்கிற வீட்டுப் பெண்தான், மழை விழுந்ததும் முதல் கைப்பிடி விதையை வீசுவாள். கோட்டை விட்டாளோ, ஊரில் ஒரு விசேசத்துக்கும் அவளைக் கூப்பிட மாட்டார்கள்.

அந்த வருசம் முறை ஒச்சம்மாவுக்கு வந்தது. சின்னப் பெண். இடுப்பில் எந்நேரமும் ஒரு கைக்குழந்தை. முதல் கைப்பிடி வீசும்போது உடுத்துவதற்கு என்று ஒரு சேலையைப் பெட்டிக்குள் மடித்தே வைத்துவிட்டாள்.

நெல் இருந்தது ஆள் உயர மண் குலுக்கையில். ஒச்சம்மாவின் புருசன் விருமன் இளகின மனசுக்காரன். "அம்புட்டு நெல்லும் உள்ள மூச்சு முட்டிக் கிடக்கு" என்று குலுக்கையின் மூடியைத் திறந்து வைத்தான். எலிகள் வந்துவிட்டன.

அந்த வீட்டில் பூனை இல்லாமல் இல்லை. ஆனால் பூனையைக் கண்டால் எலிகள் தடதடவென்று ஓடுகின்றன, பிள்ளை தூக்கம் கெடுகிறது என்று பூனையைக் கட்டிப் போட்டிருந்தார்கள்.

நெல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. ஒச்சம்மா குலுக்கைக்குள் எட்டிப் பார்ப்பாள், பெட்டியில் இருக்கும் சேலையை எட்டிப் பார்ப்பாள், பிறகு அழுவாள்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பாம்புப் பிடாரர் தோளில் கூடையோடு ஊருக்குள் வந்தார். கூடைக்குள் ஒரு சாரைக் குட்டி. விரல் மொத்தம்தான் பருமன், ஒரு முழம் நீளம். விசம் கிடையாது.

"இது வளர்ந்துச்சுன்னா உங்க வீட்டுல மருந்துக்கும் ஒரு எலி இருக்காது தாயி" என்றார் பிடாரர்.

ஒச்சம்மா ஒரு சேவலைக் கொடுத்து அதை வாங்கி ஒரு பானைக்குள் விட்டாள். ஊரே கூடிவிட்டது. பிடாரருக்குச் சேவலைச் சமைக்கும் அவசரம். சுருக்கமாகப் பக்குவம் சொன்னார்.

"பிடிச்ச புதுசு. வந்த இடத்துல சாப்பிடப் புது மாப்பிள்ளை மாதிரி கூச்சப்படும். மாப்பிள்ளையைக் கவனிக்கிற மாதிரி கவனிச்சுக்கங்க. சூடில்லாததைத் தொடாது. அதோட மொத்தத்துக்கு மேல எதையும் குடுக்காதீங்க. தின்கிறப்ப யாரும் பார்த்துக்கிட்டு நிக்காதீங்க."

கடைசியாக "எலிக்குஞ்சு குடுங்க" என்றும் சொன்னார். ஆனால் அதற்குள் ஊர் யோசனையில் இறங்கிவிட்டது. யோசனை பண்ணும்போது ஊசிப்பாறைக்காரர்களுக்குக் காது கேட்காது.

ஊருக்குத் தலைவரான அம்பலம் சடையாண்டி தொண்டையைச் செருமினார். ஊசிப்பாறையில் அவர் மீசைதான் பெரிசு. அதனால் அவரை அம்பலமாக வைத்திருந்தார்கள்.

"வந்திருக்கிறது மாப்பிள்ளை. ஊர் மரியாதை கெட்டுப்போகக் கூடாது. விருந்து வைக்கணும்."

கழுவன் எழுந்தான். ஒருமுறை பஸ் ஏறிப் போய், அதே பஸ்ஸில் இறங்காமல் திரும்பி வந்தவன். வெளியுலகம் தெரிந்த ஆள் என்று அவன் பேச்சுக்கு மதிப்பு உண்டு.

"மாப்பிள்ளைன்னா பொண்ணு யாரு அம்பலாரே?"

வயசுப்பெண் வைத்திருந்தவர்கள் மெல்லப் பின்னால் நகர்ந்தார்கள்.

அம்பலம் மீசையைத் தடவினார். "பொண்ணு யாருன்னு மாப்பிள்ளை கேட்டாரா?"

"கேக்கல."

"அவரே கேக்காதப்ப நீ என்னடா முந்திரிக்கொட்டை? உக்காரு."

கழுவன் உட்கார்ந்தான். பெண்ணைப் பெற்றவர்கள் மூச்சு விட்டார்கள்.

ஒச்சம்மா வீட்டு வாசலில் பந்தி. தலைவாழை இலை போட்டு, சோறு, பருப்பு, நெய், இரண்டு கூட்டு, அப்பளம், பாயாசம். அப்பளம் மாப்பிள்ளையின் மொத்தத்துக்கு மேல் இருந்ததால், நாலு பெண்கள் உட்கார்ந்து அதை விரல் மொத்தத்துக்குக் கிள்ளிக் கிள்ளி வைத்தார்கள். பாம்பைப் பானையிலிருந்து எடுத்து மணையில் விட்டார்கள். பிறகு ஊரே முதுகைக் காட்டித் திரும்பி நின்றது.

ரொம்ப நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தார்கள். போட்டது போட்டபடி இருந்தது. மாப்பிள்ளை மணைக்கு அடியில் சுருண்டிருந்தார்.

"ஆறிப்போச்சு. அதான் தொடல" என்றான் விருமன்.

திரும்ப உலை வைத்தார்கள். ஆவி பறக்கப் பறக்கப் பரிமாறினார்கள். ஆறியது. இன்னொரு உலை வைத்தார்கள். ஆறின சோறெல்லாம் மலைபோல் சேர்ந்தது. மாப்பிள்ளை தொடாத சோற்றை யாரும் தொடக்கூடாது, கொட்டவும் மனசு வராது. குலுக்கைக்குப் பக்கத்தில் ஒரு மூலையில் குவித்து வைத்தார்கள். காலையில் பார்த்தால் அந்த மூலை சுத்தமாக இருந்தது. அது எப்படி என்று யோசிக்க அவர்களுக்கு நேரமில்லை. மாப்பிள்ளை கவலையே தலைக்கு மேல் இருந்தது.

காரணம், விருந்தாளி சாப்பிடாமல் வீட்டுக்காரர்கள் கை நனைக்கக் கூடாது. சாதாரண விருந்தாளிக்கே அப்படி. இவர் மாப்பிள்ளை. அதுவும் ஊருக்கே பொதுவான மாப்பிள்ளை. ஊர் மொத்தமும் பட்டினி.

"மாப்பிள்ளை முறுக்கிக்கிட்டிருக்காரு" என்றார் அம்பலம், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. "நம்ம வீட்டு மாப்பிள்ளைமாரு என்ன பண்ணுவாங்க? மோதிரம் போட்டாத்தான் இலையில கை வைப்பாங்க."

"கைதான் இல்லையே மாமா" என்றாள் ஒச்சம்மா.

"கை இல்லாட்டி என்ன? மரியாதை மரியாதைதான்."

அம்பலமே தன் மோதிரத்தைக் கழற்றித் தலைவழியாகப் போட்டார். அது வழுக்கிக்கொண்டே போய் வால்வழியாக விழுந்தது. மறுபடி போட்டார். மறுபடி விழுந்தது.

"வேணாம்னு கழட்டிக் குடுத்துட்டாரு" என்றான் விருமன். "பெருந்தன்மையான மனுசன்."

"அப்ப வேட்டி எடுத்துக் கட்டுவோம்" என்றான் கழுவன்.

வேட்டி வந்தது. கட்டப் போன விருமன் வேட்டியும் கையுமாக அப்படியே நின்றான்.

"என்னடா?"

"இடுப்பு எங்க இருக்குன்னு தெரியல அம்பலாரே."

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். நல்லாத்தான் பார்த்தார்கள். தலை தெரிந்தது, வால் தெரிந்தது. இடுப்பு மட்டும் தெரியவில்லை.

"கழுத்துக்குக் கீழதான் இடுப்பு" என்றான் கழுவன்.

"கழுத்து எதுடா?"

"இடுப்புக்கு மேல இருக்கிறது."

இதில் ஒரு தப்பும் இல்லை என்று எல்லோருக்கும் பட்டது. ஆனாலும் வேட்டி கட்ட முடியவில்லை. பானையைச் சுற்றிக் கட்டிவிட்டு வந்தார்கள்.

மாப்பிள்ளை அதற்கும் மசியவில்லை.

ஒச்சம்மாவுக்கு ஒன்று தோன்றியது. அவள் குழந்தையும் இப்படித்தான், ஒரு வாய் சோற்றுக்கு ஊரைக் கூட்டும். ஊட்டுகிற வித்தை அவளுக்குத் தெரியும். ஒரு கிண்ணத்தில் பருப்புச்சோற்றைக் குழையப் பிசைந்து, பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"அங்க பாரு சாமி, காக்கா! அந்தா பாரு, வேலி மேல உக்காந்திருக்கு! நீ சாப்பிடலைன்னா காக்கா வந்து தூக்கிட்டுப் போயிரும்!"

காக்கா நிஜமாகவே திரும்பிப் பார்த்தது. பாம்பு விருட்டென்று பானைக்குள் அடியில் போய் ஒளிந்தது.

"புரிஞ்சிருச்சு! நான் சொல்றது புரியுது!" என்று ஒச்சம்மா குதித்தாள்.

"இன்னும் கொஞ்சம் பயம் காட்டணும் மதினி" என்றான் கழுவன். "பிள்ளைகளுக்கு மீசைக்காரனைக் காட்டுவாங்கள்ல?"

அம்பலத்தைக் கூட்டிவந்து பானைக்கு நேராகக் குனிய வைத்தார்கள். அவர் கண்ணை உருட்டி, மீசையை முறுக்கி, "திங்கிறியா, பிடிச்சுக்கிட்டுப் போகவா?" என்று உறுமினார். ஒச்சம்மாவின் குழந்தை வீறிட்டு அழுதது. கட்டியிருந்த பூனை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. பாம்பு மட்டும் நிதானமாகத் தலையைத் தூக்கி நாக்கை நீட்டியது.

"நாக்கை நீட்டுது! ஊட்டச் சொல்லுது!"

"கிண்ணத்தைக் கொண்டாங்க!"

"இருங்க, இருங்க" என்று கழுவன் குறுக்கே விழுந்தான். "நுனியைப் பாருங்க. நாக்கு ரெண்டா இருக்கு."

பார்த்தார்கள். ரெண்டாகத்தான் இருந்தது.

"நமக்கு ஒரு நாக்கு, ஒரு சமையல் போதும். அவருக்கு ரெண்டு சமையல் வேணும். ஒரு பக்கத்துக்கு இனிப்பு, ஒரு பக்கத்துக்குப் புளிப்பு. இத்தனை நேரமும் ஒரு பக்கத்து நாக்கை நாம அவமானப்படுத்தியிருக்கோம்."

ஊருக்கு வெட்கமாகப் போய்விட்டது. வலது பக்கம் வெல்லமும் இடது பக்கம் புளியும் கரைத்து நீட்டினார்கள். பாம்பு நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு, திரும்பப் படுத்துவிட்டது.

"வலது இடது மாத்தி வச்சுட்டோம்" என்றான் விருமன். மாற்றி வைத்தார்கள். பிறகு பானையைத் திருப்பி வைத்தார்கள். பிறகு எது முதலில் இருந்த பக்கம் என்று மறந்துபோய் எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள்.

பட்டினி ரொம்ப முற்றிவிட்டது. குழந்தைகளுக்கு மட்டும் இந்த விரதம் இல்லை என்று அம்பலம் ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லியிருந்தார். கழுவன் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"அம்பலாரே, எங்க ஆத்தாளுக்கு நானும் குழந்தைதான்."

அம்பலம் யோசித்தார். நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கணக்கில் பார்த்தால் அவரும் குழந்தை, ஊரே குழந்தை. அப்புறம் மாப்பிள்ளையை உபசரிக்கப் பெரியவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள். கூடாது என்று சொல்லிவிட்டார்.

ஒச்சம்மா குலுக்கையில் சாய்ந்து உட்கார்ந்தாள். பசி ஒரு பக்கம். இந்தக் குட்டி சாப்பிடாமல் செத்துப்போனால் எலி நெல்லை முடித்துவிடும், முதல் கைப்பிடி போச்சு என்கிற வேதனை ஒரு பக்கம். அப்போது குலுக்கையின் இடுக்கில் கீச்சு கீச்சு என்று சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். மாப்பிள்ளையின் சோற்றைத் தின்று கொழுத்த தாய் எலி ஒன்று அங்கே குட்டி போட்டிருந்தது. கண் திறக்காத, சிவப்புச் சிவப்பாய் எலிக்குஞ்சுகள்.

"மாமா" என்றாள். "அந்தப் பிடாரர் கடைசியா எலிக்குஞ்சுன்னு ஏதோ சொன்ன மாதிரி இருந்துச்சே?"

"மாப்பிள்ளைக்கு எலியா?" அம்பலத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "வெளியூர்க்காரன் கேட்டாச் சிரிக்க மாட்டானா?"

"வெளியூர்க்காரந்தான மாமா சொன்னது."

ஒச்சம்மா ஒரு குஞ்சை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். சூடு இருந்தது. பாம்போடு சேர்த்து வைத்துப் பார்த்தாள். மொத்தமும் சரியாக இருந்தது. பானைக்குள் விட்டாள். ஊர் முதுகைக் காட்டித் திரும்பி நின்றது.

நின்றார்கள், நின்றார்கள், நின்றுகொண்டே இருந்தார்கள்.

"சாப்பிட்டிருப்பாரா?" என்றான் விருமன்.

"திரும்பிப் பார்த்தாத்தான் தெரியும்."

"தின்கிறப்பப் பார்க்கக் கூடாதே."

"அப்ப தின்னு முடிச்சிட்டாரான்னு மட்டும் பார்ப்போம்."

"முடிக்கலைன்னா தின்கிறப்பப் பார்த்த மாதிரி ஆயிருமேடா."

இதற்கு விடை கிடைக்காமல் அவர்கள் அங்கேயே வேர் விட்டிருப்பார்கள். நல்லவேளை, பாம்பே பானையை விட்டு இறங்கி, சாவகாசமாக அவர்கள் காலடியில் ஊர்ந்து வந்தது. உடம்பின் நடுவில் புடைப்பாக ஒரு முடிச்சு தெரிந்தது.

"இடுப்பு!" என்று கத்தினான் விருமன். "இடுப்பு வந்திருச்சு! வேட்டியை எடுங்கடா!"

மாப்பிள்ளை சாப்பிட்டுவிட்டார். ஊசிப்பாறையில் அப்படி ஒரு சந்தோசத்தை அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லை. பெண்கள் குலவை போட்டார்கள். இனி ஊர் சாப்பிடலாம். அடுப்பு மூட்ட ஓடினார்கள். ஓடின பிறகுதான் தெரிந்தது, எந்த வீட்டிலும் ஒரு பிடி அரிசி இல்லை. எல்லாமே மாப்பிள்ளைக்குச் சூடாகப் போட்டதில் தீர்ந்துவிட்டது.

மிச்சம் இருந்தது குலுக்கையில் இருந்த விதைநெல்தான். அதைக்கூட எலிகள் கொஞ்ச நாளாய்த் தொடவில்லை. சமைத்த சோறு கிடைக்கும்போது பச்சை நெல்லை யார் கடிப்பார்கள்?

"விதைநெல்லு மாமா" என்றாள் ஒச்சம்மா.

"ஆமா தாயி. அதை எலி திங்கக் கூடாதுன்னுதான பாம்பு வாங்கினோம்?"

"ஆமா."

"நாம திங்கக் கூடாதுன்னு யாராச்சும் சொன்னாங்களா?"

ஒச்சம்மா நன்றாக யோசித்துப் பார்த்தாள். யாரும் சொல்லவில்லை. குற்றிப் புடைத்து, பொங்கி, ஊர் மொத்தமும் வயிறாரச் சாப்பிட்டது. குலுக்கையைக் கவிழ்த்துத் தட்டிக்கூடப் பார்த்துவிட்டார்கள்.

சாப்பிட்டு முடித்து அம்பலம் ஒச்சம்மாவை எல்லோருக்கும் முன்னால் நிறுத்திப் புகழ்ந்தார். "இத்தனை வருசத்துல எலிக்கு ஒரு மணி விடாம விதையைக் காத்தது இவ ஒருத்திதான். இனிமே ஒரு எலியால இந்த நெல்லைத் தொட முடியுமா?"

"முடியாது!" என்று ஊரே சொன்னது. அது நிஜம்தான்.

சோறும் இல்லை, நெல்லும் இல்லை என்றானதும் எலிகள் மூட்டை கட்டிக்கொண்டு பக்கத்து ஊருக்குப் போய்விட்டன. கொஞ்ச நாளில் பாம்பும் காணாமல் போனது. பானை காலி. வேட்டி மட்டும் கிடந்தது.

"மாப்பிள்ளை கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாரா?" என்று விருமன் கண் கலங்கினான்.

"கோவம் இல்லடா. எலியைத் தேடிப் போயிருக்காரு. எலி நம்ம ஊருக்குத் திரும்பி வந்தா அவரும் வந்துருவாரு" என்றார் அம்பலம்.

அப்படியே முடிவானது. ஒச்சம்மா பெட்டியிலிருந்து புதுச் சேலையை எடுத்து உடுத்திக்கொண்டாள். அவள், விருமன், அம்பலம், கழுவன் நாலு பேரும் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு பக்கத்து ஊருக்குப் போனார்கள். போய், வீட்டுக்கு வீடு எலி வளைக்கு முன்னால் குனிந்து, "குடும்பத்தோட வந்துரணும்" என்று அழைத்தார்கள்.

அந்த ஊர்க்காரர்கள் எலித் தொல்லையில் நொந்து போயிருந்தார்கள். அவர்களுக்குக் காது குளிர்ந்துவிட்டது. "எலியைக் கூட்டிக்கிட்டுப் போறீங்களா? நல்லா இருப்பீங்க" என்று, மனசு நிறைந்து ஒரு மூட்டை நெல் கொடுத்தார்கள். "நல்ல விதைநெல்லு. மேகம் கூடி நிக்கிது. போய் முதல் வேலையா விதைங்க."

"விதைக்கிறதா?" கழுவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மண்ணுல போட்டு மூடிட்டா எலி எப்படிங்க திங்கும்?"

எலிகளுக்கு வழி தெரிய வேண்டும் அல்லவா? அந்த ஊர் எல்லையிலிருந்து தங்கள் ஊர் வரைக்கும் பாதை நெடுக நெல்லைத் தூவிக்கொண்டே வந்தார்கள். முதல் கைப்பிடியை ஒச்சம்மாதான் வீசினாள். அம்பலம் அதில் கண்டிப்பாக இருந்தார். மூட்டை ஊருக்குள் வந்து காலியானதும் சொல்லி வைத்தாற்போல் மழை பிடித்துக்கொண்டது. நல்ல மழை. விட்டு விட்டுப் பெய்தது.

எலிகள் வரவில்லை. அந்த ஊரில் அவற்றுக்கு ஒரு குறையும் இல்லை. பாம்புக்கும் அங்கே குறையில்லை.

மழை வெறித்ததும் ஒச்சம்மா பாதையைப் பார்க்கப் போனாள். போனவள் தலையில் கை வைத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"மாமா! பாதை தெரியல! இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரைக்கும் பச்சைப் பசேல்னு என்னவோ முளைச்சு மண்டிக் கிடக்கு! பாவம், இதுக்குள்ள அதுக எப்படி வரும்?"

ஊர் திரண்டது. அம்பலம் மண்வெட்டி எடுத்துப் பாதையைக் கொத்தினார், கழுவன் அருவாளைத் தீட்டினான், விருமன் கையாலேயே பிடுங்கினான். பெண்கள் பாட்டுப் பாடிக்கொண்டு, ஒரு பயிர் விடாமல் வேரோடு பறித்துப் போட்டார்கள். சாயங்காலத்துக்குள் பாதை பளிச்சென்று ஆகிவிட்டது.

எல்லோரும் வரப்பில் உட்கார்ந்து இளைப்பாறினார்கள். ஒரு பக்கம் பக்கத்து ஊர் வயல்கள் பச்சையாக இருந்தன. இன்னொரு பக்கம் ஊசிப்பாறை வயல்கள் மழைத்தண்ணீர் நின்று, சும்மா கிடந்தன.

"விதைக்க ஒரு பிடி நெல்லு கூட இல்லையே மதினி" என்றான் கழுவன். "இந்த வருசம் நாற்றுக்கு எங்க போறது?"

ஒச்சம்மா மடியில் கட்டியிருந்த இளம்பயிரை எடுத்து, பக்கத்தில் நின்ற ஆட்டுக்குப் போட்டாள். கையில் ஒட்டின சேற்றை முந்தானையில் துடைத்தாள்.

"அதைத்தான் நானும் களையெடுக்கிறப்பெல்லாம் யோசிச்சுக்கிட்டே இருந்தேன்" என்றாள்.